என்ர போன், கம்பனியின்ர கதவு



இந்தக் கிழமை எபிசோடைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கடைசிப் பத்து நிமிடம் அவசரமாக ஓடிவிட்டது. சொந்த போனில், சொந்த லப்டொப்பில் இருந்து வேலை இடத்து ஆப்களுக்குள் போவது பற்றிக் கதைக்கத் தொடங்கி, பாதியில் விட்டோம். மிச்சத்தை இங்கே ஆறுதலாகப் பார்ப்போம்.

இந்தத் தலைப்பு வந்ததே எங்கட வீட்டுக்குள் இருந்துதான். தங்கச்சி முதல் வேலையில் சேர்ந்து ஒரு மாதம். போனில் வேலை மெயில் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஆப்பைப் போட்டு போனைப் பதிவு செய்யுங்கள் என்று ஐடி பகுதியில் இருந்து ஒரு மெயில். உடனே எனக்கு கோல் எடுத்தாள். "அண்ணா, இதைப் போட்டா என்ர போட்டோ எல்லாம் அவை பார்ப்பினமோ? நாளைக்கு வேலையை விட்டா போனை அழிச்சுப் போடுவினமோ? அம்மம்மான்ர வொய்ஸ் மெசேஜ் எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு."

அம்மம்மா இப்போது இல்லை. அதனால் "ஒண்டும் நடக்காது, போடு" என்று சும்மா சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. எந்த மாதிரிப் பதிவு என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

முதலில் கம்பனியின் பக்கம். அவர்கள் ஏன் உங்கட போனைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? பாஸ்வேர்ட் இருக்கு, அதுக்கு மேல போனுக்கு வருகிற கோட் இருக்கு, போதாதா?

போதாது என்பதற்கு லாஸ்ட்பாஸ் கதைதான் நல்ல உதாரணம். 2022-ல் பாஸ்வேர்ட்களைப் பூட்டி வைக்கிற அந்தக் கம்பனிக்குள்ளேயே ஆள் புகுந்துவிட்டார். முக்கியமான சாவிகளை எடுக்க அனுமதி இருந்தது நாலே நாலு என்ஜினியர்களுக்கு. அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் பார்க்கிற பிளெக்ஸ் என்ற மென்பொருள் இருந்தது. அதில் இருந்த ஓட்டைக்கு பிளெக்ஸ் 2020 மே மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் அப்டேட் செய்யப்படவில்லை. அந்த வழியாக வந்தவர், தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் கீலொகர் ஒன்றைப் போட்டார். என்ஜினியர் சரியான பாஸ்வேர்ட் போட்டார், இரண்டாவது சரிபார்ப்பும் செய்தார். ஆள் சரியான ஆள்தான். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த மெஷின் வேறொருவரின் கையில் இருந்தது.

2024-ல் ஸ்னோஃப்ளேக் வாடிக்கையாளர்களுக்கு நடந்ததும் இதன் உறவுக்காரக் கதைதான். சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை போனது. களவு போன பாஸ்வேர்ட்களில் சில, ஒப்பந்த வேலைக்காரர் கேம் விளையாடவும் திருட்டு சொப்ட்வெயார் இறக்கவும் பயன்படுத்திய கம்ப்யூட்டர்களில் இருந்து போனவை என்று மேண்டியன்ட் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அங்கே இரண்டாவது சரிபார்ப்பும் போடப்பட்டிருக்கவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம் விளங்கவேண்டும். நீங்கள் லொகின் செய்து முடிந்ததும் பிரவுசருக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். கோயில் திருவிழாவில் செருப்பு விட்டால் நம்பர் போட்ட டோக்கன் தருவார்களே, கிட்டத்தட்ட அதுதான். திரும்பி வரும்போது உங்கட முகத்தை யாரும் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்ப்பார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற வைரஸ் அந்த டோக்கனைப் பிரதி எடுத்துவிட்டால், பாஸ்வேர்டும் தேவையில்லை, கோடும் தேவையில்லை.

ஆகவே கம்பனி இரண்டு கேள்வி கேட்கத் தொடங்கியது: நீ யார், எந்த மெஷினில் இருந்து வருகிறாய்? கூகிள் 2009-ல் தனக்கு நடந்த தாக்குதலுக்குப் பிறகு இந்த வழிக்கு வந்து, பியொண்ட்கோர்ப் என்ற பெயரில் 2014-ல் எழுதியும் வெளியிட்டது. ஆபீஸ் நெட்வேர்க்குக்குள் இருக்கிறார் என்பதற்காக ஒருவரை நம்பக்கூடாது என்பதுதான் அதன் அடிப்படை.

இரண்டாவது கேள்விக்கான பதிலை எப்படி நம்புவது? பிரவுசர் "நான் ஐபோன், நான் விண்டோஸ்" என்று தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லும். யூசர் ஏஜென்ட் என்பார்கள். கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, டெவலப்பர் டூல்ஸுக்குள் போய், அந்த வரியை நீங்களே மாற்றிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. லப்டொப் தன்னை போன் என்று சொல்லும், வெப்சைட்டும் நம்பும். இதை மட்டும் வைத்துப் பாதுகாப்பு என்று சொல்கிற கம்பனிகள் இன்னும் இருக்கின்றன, சிரிப்புத்தான் வரும். கம்பனி தந்த லப்டொப்பில் நடப்பது வேறு. உள்ளே இருக்கிற டிபிஎம் என்ற சிப்பில் ஒரு ரகசியச் சாவி கிடக்கும். அந்தச் சாவியை வெளியே எடுக்க முடியாது, அதை வைத்துக் கையெழுத்து மட்டும் போடலாம். "நான் இன்னார்" என்று சொல்வதற்கும், அதை நிரூபிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

உங்கட சொந்த மெஷினிடம் அந்த நிரூபணம் இல்லை. அப்போது கம்பனிக்கு மூன்று வழி.

ஒன்று, மெஷின் முழுவதையும் தங்கட நிர்வாகத்துக்குள் எடுப்பது. எம்டிஎம் என்பது இதைத்தான். பூட்டு நம்பர் இருக்கா, அப்டேட் செய்ததா என்று பார்ப்பார்கள், விதிக்குள் வராவிட்டால் கதவு திறக்காது. தங்கச்சி பயந்தது இதற்குத்தான், பயத்தில் நியாயமும் உண்டு: ஐபோனை இப்படி முழுதாகப் பதிவு செய்தால், அட்மின் அதை முழுதாக அழிக்கவும் முடியும்.

இரண்டாவது வழி நடுவில் ஒரு சுவர் எழுப்புவது. எனக்குப் பிடித்தது இது. அன்ட்ரொய்டில் 2014-ல் வந்த வேர்க் ப்ரொஃபைல் போனுக்குள் தனி அறை மாதிரி. வேலை ஆப்களில் சின்னதாக ஒரு சூட்கேஸ் படம் இருக்கும். அட்மின் அந்த அறையை அழிக்கலாம், வீட்டை அழிக்க முடியாது. ஐபோனில் 2019-ல் ஐஓஎஸ் 13 உடன் வந்த யூசர் என்ரோல்மென்ட்டும் இதுதான்: வேலைத் தரவு தனியாகப் பூட்டிய பகுதியில் இருக்கும், விலகும்போது அந்தச் சாவி அழியும், அம்மம்மாவின் குரல் அப்படியே இருக்கும்.

இதைவிட மெல்லிய சுவரும் உண்டு. போனை நிர்வாகத்துக்குள் எடுக்காமல் அவுட்லுக், டீம்ஸ் மாதிரி ஆப்களுக்குள் மட்டும் விதி போடுவது. வேலை மெயிலில் இருந்து கொப்பி செய்து வட்ஸ்அப்பில் பேஸ்ட் செய்யப் பார்த்தால் விடாது. வேலையை விட்டால் அந்த ஆப்பில் உள்ள வேலைத் தரவு மட்டும் போகும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மைக்ரோசொப்ட்டின் இந்த முறைக்கு அன்ட்ரொய்டில் கம்பனி போர்ட்டல் என்ற ஆப் போனில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது இருப்பதாலேயே போன் என்ரோல் ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ரெஜிஸ்டர் செய்வது வேறு, என்ரோல் செய்வது வேறு. ஐடி மெயில்களில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுவார்கள், கோபம் வரும்.

மூன்றாவது வழி: மெஷினைத் தொடாமல், பிரவுசரில் பார்க்க மட்டும் விடுவது. டவுன்லோட் இல்லை, பிரின்ட் இல்லை. வீட்டு லப்டொப்பில் வேலை வெப்சைட்டின் முகவரிக்குப் பின்னால் எம்.சி.ஏ.எஸ். டொட் எம்.எஸ். என்று ஒட்டியிருந்தால், நடுவில் மைக்ரோசொப்ட்டின் ஒரு வாசல்காரர் நிற்கிறார் என்று அர்த்தம். ஆனால் திரையைப் போனால் படம் எடுப்பதை இது தடுக்காது, டோக்கன் களவையும் தடுக்காது. ஷிஃப்ட் அட்டவணை பார்க்க இது போதும். லாஸ்ட்பாஸ் மாதிரிச் சாவி வைத்திருப்பவர் எந்தச் சுவர் எழுப்பினாலும் சொந்தக் கம்ப்யூட்டரில் இருந்து வரக்கூடாது, கம்பனிதான் லப்டொப் வாங்கிக் கொடுக்கவேண்டும். அதற்குக் காசு இல்லை என்கிற கம்பனியிடம் சாவியும் இருக்கக்கூடாது என்பது என்ர கட்சி.

சரி, பார்ப்பினமோ? பல கம்பனிகள் பாவிக்கிற இன்டியூனை எடுத்தால், போட்டோ, மெசேஜ், கோல் விவரம், எந்த வெப்சைட் பார்த்தீர்கள் என்பதெல்லாம் அட்மினுக்குத் தெரியாது. போனின் மொடல், ஐஓஎஸ் பதிப்பு, கம்பனி போட்ட ஆப்கள் மாதிரியான விஷயங்கள் தெரியும். ஆனால் ஆபீஸ் வைஃபையிலோ, கம்பனி விபிஎன் ஊடாகவோ போகிற இணையப் போக்குவரத்து வேறு கணக்கு. அங்கே சொந்த விஷயம் பார்க்காமல் இருப்பது புத்தி.

ஐபோன்காரர்கள் செட்டிங்ஸில் ஜெனரலுக்குள் போய், விபிஎன் அண்ட் டிவைஸ் மெனேஜ்மென்ட் என்ற இடத்தை இப்போதே ஒருக்கா பாருங்கள். பழைய வேலை இடத்து ப்ரொஃபைல் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கலாம். ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடமென்றால், ஊழியரை மின்னணு முறையில் எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஒக்டோபரில் இருந்து சட்டம். கேட்டு வாங்குங்கள்.

தங்கச்சி மூன்று வரி எழுதி ஐடிக்கு அனுப்பினாள். இது முழுப் பதிவா, ஆப் மட்டுமா? நான் விலகும்போது அழிப்பது எதை? பதிவு செய்ய விருப்பமில்லை என்றால் வேறு வழி என்ன? இரண்டு நாளில் பதில் வந்தது: ஆப் மட்டும்தான், மெயிலில் தவறாக எழுதிவிட்டோம். போட்டாள். அதற்கு முதல் நாள் இரவு, அம்மம்மாவின் மெசேஜ் எல்லாவற்றையும் ஒரு யுஎஸ்பியில் ஏற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.