துருவின் மேல் தார் பூசினால் தரை திரும்பாது

சிட்னியின் பென்டில் ஹில்லிலும் மெல்பர்னின் டான்டினாங்கிலும் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஒரு யோசனை ஊர்சுற்றுகிறது. காரின் தரையில் ஓட்டை விழுந்தால் ரஸ்ட் கன்வர்ட்டர் அடித்து, ஃபைபர்கிளாஸ் ஒட்டி, மேலே தார் பூசிவிட்டால் போதுமாம். டிங்கரிங் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன்: இது ஆளைக் கொல்லும் யோசனை.

1948 நவம்பரில் மெல்பர்ன் ஃபிஷர்மன்ஸ் பெண்டில் அறிமுகமான முதல் ஹோல்டன் காருக்கே தனி சேஸிஸ் கிடையாது. உடலே சேஸிஸ், அதில் தரையும் ஒரு பங்கு. பிறகு வந்த கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான். சீட்டும் சீட் பெல்ட்டின் கீழ்ப்பிடியும் அந்தத் தகட்டில்தான் நிற்கின்றன. பெல்ட் அணிவதை 1970இல் உலகிலேயே முதலில் கட்டாயமாக்கியது விக்டோரியா மாநிலம். பிடிமானம் துருவில் இருந்தால் அந்த பெல்ட்டால் என்ன பயன்? மோதும்போது ஒட்டுத் துணி பிய்ந்துகொண்டு வரும். அதுவரையிலும் துரு சும்மா இராது. தாருக்கு அடியில் சிக்கிய ஈரம் தகட்டைத் தின்னும்; துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் ஒட்டை மேலே தள்ளும். ஓட்டை திறந்தால் எக்ஸாஸ்ட் புகை உள்ளே வரும். சிட்னியில் பிங்க் ஸ்லிப், மெல்பர்னில் ரோட்வொர்த்தி சோதனை இரண்டும் இந்த மாதிரி ஒட்டுவேலையை ஏற்காது.

சரியான வேலை ஒன்றுதான். கார்ப்பெட்டை எடுத்து ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தகடு வரும்வரை வெட்டி, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து, சூட்டில் வளையாதபடி விட்டுவிட்டு வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன் தரையிலுள்ள தார்ப்பட்டையைச் சுரண்டி எடுக்க வேண்டும், அது தீப்பிடிக்கும். அடியில் ஓடும் பெட்ரோல், பிரேக் குழாய்களைக் கழற்றிவிட வேண்டும். கடைசியில் பிரைமர், சீலர், மெழுகு.

இங்கே சாலையில் உப்புப் போடுவதில்லை, துரு வராது என்பார்கள். தண்ணீர் மேலிருந்தும் வரும்: முன்கண்ணாடி ரப்பர் வழியாக, யூகலிப்டஸ் இலை அடைத்த வடிகால் வழியாக. கால்வனைஸ் தகடு துருப்பிடிக்காது என்பதும் பாதி உண்மை. வெல்டிங் பட்ட இடத்தில் அதன் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும்.

  

இந்த வாரமே கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வரும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். தகடு அதற்குப் பிறகு.