கலைந்த சொற்களும் குலையாத பொருளும்

பக்கவாதத்திற்குப் பின் சிலருக்குச் சொற்கள் நினைவில் இருந்தும் வாக்கியம் அமைவதில்லை. “மகள்… தந்தை… கோயில்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். 1861-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் பால் பிரோக்கா, பேச்சிழந்த ஒருவரின் மூளையில் இடப்புற முன்மடல் சிதைந்திருந்ததைக் கண்டறிந்தார். வாக்கியம் கோக்கும் திறனுக்கு அப்பகுதி இன்றியமையாதது. ஆகவே, இக்குறை மூளைக் காயத்தின் விளைவேயன்றி அறிவுக் குறைவு அன்று.

இத்தகையோருக்குக் கலைந்த சொற்களை வாக்கியமாக அடுக்கும் பயிற்சி தரப்படுவதுண்டு. இதனை வீட்டில் செய்விக்கும் குடும்பத்தினர், தாம் எண்ணிய வரிசை வராவிடில் உடனே ‘தவறு’ என்று கூறிவிடுவதை நாங்கள் காண்கிறோம். சரியாக அடுக்கியவரே மனம் தளர்ந்து அட்டைகளை ஒதுக்கிவிடுகிறார்.

தமிழில் யார், யாரை என்பதை உணர்த்துவது பெரும்பாலும் வேற்றுமை உருபே. சொல்லின் இடம் அன்று. “மகள் தந்தையை அழைத்தாள்”, “தந்தையை மகள் அழைத்தாள்” இரண்டும் சரியே. இடம் மாறிய சொற்களை உரியவாறு கூட்டிப் பொருள் கொள்வதை நன்னூல் ‘மொழிமாற்று’ என்று பெயரிட்டே வகுத்துள்ளது.

வீட்டுப் பயிற்சியை இவ்வாறு அமைக்கலாம்:

1. மூன்று சொற்களில் தொடங்குங்கள். வினைச்சொல்லை முதலில் கண்டு இறுதியில் வைக்கச் செய்யுங்கள்.

2. “யார் அழைத்தது? யாரை?” என்று வினவுங்கள். விடை பொருந்தினால் எவ்வரிசையையும் ஏற்றுப் பாராட்டுங்கள்.

3. அடுத்து, முழு வாக்கியங்களைக் கலைத்துக் கொடுங்கள்: “பெரியபாளையத்தில் இறங்கினோம்”, “வீடு திரும்பினோம்”, “பேருந்தில் ஏறினோம்”, “பவானியம்மன் கோயிலை வலம் வந்தோம்.” இங்கு நிகழ்வின் ஒழுங்கே வரிசையைத் தீர்மானிக்கும்.

4. அடுக்கியதை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். களைப்புத் தோன்றுமுன் நிறுத்திவிடுங்கள்.

இப்பயிற்சி பேச்சுப் பயிற்சியாளரின் சிகிச்சைக்குத் துணையே, மாற்று அன்று. நோயாளிக்கு ஏற்ற அளவை அவரிடம் கேட்டறியுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். நன்றாகப் பேசியவர் திடீரெனச் சொல் குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, அது பயிற்சிக்குரிய நேரம் அன்று. உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக முதல் நாலரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டும்.

மற்ற நாட்களில் அட்டைகளோடு அருகில் அமருங்கள். விடை தாமதமாக வரலாம், காத்திருப்பதும் சிகிச்சையே.