ஈரமும் காரமும்: சாக்லேட் பூசிய சீரியல் தின்பண்டம் செய்வோர் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் விடுமுறைக் கால விருந்துகளுக்காக வீட்டிலேயே செய்யப்படும் 'மட்டி பட்டிஸ்' என்னும் தின்பண்டம், வலைக்கண் அமைப்புடைய அரிசிச் சீரியலின்மீது சாக்லேட்டும் வேர்க்கடலை வெண்ணெயும் கலந்த பூச்சை ஏற்றி, அதைப் பொடித்த சர்க்கரையில் புரட்டி எடுப்பதாகும். சீரியல் என்பது பாலில் இட்டு உண்பதற்காக மொறுமொறுப்பாகப் பதப்படுத்தப்பட்ட காலையுணவுத் தானியம். இப்பண்டத்தில் மிளகாய்த்தூளும் பட்டைத்தூளும் சேர்ப்பது வெறும் புதுமை நாட்டம் அன்று. ஸ்பானியர் வருவதற்கு முன்பே மெக்சிகோவில் கொக்கோ பானத்தில் மிளகாய் சேர்க்கும் வழக்கம் இருந்தது. செய்முறை எளிதே எனினும், அதன் வெற்றி இரண்டைப் பொறுத்தது: எந்தக் கட்டத்திலும் ஈரத்தை அண்டவிடாமை, காரத்தைக் கொழுப்பின் வழியே பரவச் செய்தல்.

சீரியல் 125 கிராம் என்றால், கறுப்புச் சாக்லேட் 85 கிராம், இனிப்பில்லாத வேர்க்கடலை வெண்ணெய் 65 கிராம், நெய் 25 கிராம், பொடித்த சர்க்கரை 90 கிராம், பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு என்பது சீரான அளவு. அரிசிச் சீரியல் கிடைக்காத இடத்தில் கார்ன்ஃப்ளேக்ஸ் பயன்படும். ஆனால் அதன் மெல்லிய இதழ்கள் கிளறும்போது நொறுங்குவதால், தடித்த இதழ்களைத் தேர்ந்து, பெட்டியின் அடியில் தங்கிய தூளைச் சலித்து நீக்குவது நல்லது. அத்தூளே பூச்சின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும்.

சாக்லேட்டை உருக்குவதே முதற்கண்டம். உருகிய சாக்லேட்டில் சில துளி நீர் விழுந்தாலும், அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, குழம்பாக இருந்தது கட்டிதட்டி மணல்போல் ஆகிவிடும். ஆகவே கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணத்தை வைத்து உருக்கும்போது, கிண்ணத்தின் அடி நீரைத் தொடாமலும் ஆவி உள்ளே புகாமலும் பார்த்துக்கொள்வதோடு, இறக்கியவுடன் அடியில் வழியும் நீரைத் துணியால் ஒற்றிவிட வேண்டும். அமெரிக்கச் செய்முறைகள் கேட்கும் வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதம் நீர் உண்டு. இந்தக் குறைந்த அளவில் அது பெரும்பாலும் தீங்கு செய்யாது எனினும், நீர் நீங்கிய நெய் அதைவிடப் பாதுகாப்பானது; அதன் மணமும் கொக்கோவோடு இசைந்துபோகும்.

மிளகாயின் காரத்திற்குக் காரணமான கேப்சைசின் என்னும் பொருள் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் நன்கு கரையும். எனவே மிளகாய்த்தூளைச் சர்க்கரையோடு கலந்து மேலே தூவினால் ஒரு துண்டு சப்பென்றும் மறு துண்டு சுரீரென்றும் இருக்கும்; இளஞ்சூடான நெய்யிலும் சாக்லேட்டிலும் கலந்து சில நிமிடம் விட்டால் காரம் எங்கும் ஒரே சீராகப் பரவும். சாக்லேட்டின் இனிப்பும் கொழுப்பும் முதலில் நாவை மூடுவதால் காரம் தாமதித்தே எழுகிறது. சுவை பார்த்தவர் ஒரு நிமிடமேனும் காத்திருந்த பிறகே மேலும் சேர்க்கலாமா என முடிவு செய்ய வேண்டும். மல்லி கலந்து அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் இதற்கு உதவாது. தனி மிளகாயைக் காயவைத்து அரைத்து, நன்றாகச் சலித்த தூளே வேண்டும்.

பூச்சைச் சீரியலில் ஊற்றி, அகன்ற கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டியபின், உடனே சர்க்கரையில் இடலாகாது. பூச்சு சூடாக இருந்தால் சர்க்கரை அதனுள் அமிழ்ந்து பிசுபிசுக்கும். முழுதும் இறுகிவிட்டால் ஒட்டாமல் உதிரும். விரலில் தொட்டால் ஒட்டும், ஆனால் வழியாது என்ற பதமே ஏற்றது. மூடியுள்ள பெரிய டப்பாவில் சர்க்கரையோடு இட்டுக் குலுக்கினால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியே வெண்பூச்சுப் பெறும். வீட்டில் பொடித்த சர்க்கரை விரைவில் கட்டிபிடிக்குமாதலால், அதில் ஒரு தேக்கரண்டி சோளமாவு கலந்துகொள்வது பயனுடையது.

கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகைச் செல்சியசில் உருகுவது. நெய்யும் வேர்க்கடலை வெண்ணெயும் சேர்ந்த பூச்சு அதற்கும் முன்னரே இளகும். ஆதலால் தமிழகக் கோடையில் இதைக் குளிர்பெட்டியில் வைக்காமல் தீராது. அங்கிருந்து எடுத்த டப்பாவை அடிக்கடி திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த துண்டுகளில் படிந்து சர்க்கரையைக் கரைக்கும், சீரியலும் நமுத்துப்போகும். ஒரு வேளைக்குரிய அளவாகச் சிறு டப்பாக்களில் பிரித்து வைப்பதே இதற்கு மாற்று. பிறருக்குக் கொடுக்கும் டப்பாக்களின்மேல் வேர்க்கடலையும் மிளகாயும் சேர்ந்திருப்பதை எழுதி ஒட்டுவது கட்டாயக் கடமை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு துண்டும் உயிருக்கு ஆபத்தாகலாம், வெண்சர்க்கரைக்குள் மறைந்த காரம் சிறு குழந்தைகளின் கண்ணுக்குத் தெரியாது.