எல்லாமே பட்டன்தான்! லீவர் இல்லாத கண்ட்ரோலருக்கு மாற 32 குறிப்புகள்

ஃபைட்டிங் கேமில் வருஷக்கணக்கில் லீவரைப் பிடித்துப் பழகிய கை, திசைக்கும் பட்டன், அடிக்கும் பட்டன் என்று இருக்கும் லீவர்லெஸ் பெட்டிக்கு மாறும்போது முதலில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். காசைக் கொட்டாமல், கையை நோகடிக்காமல் மாறிவிட எத்தனையோ வழிகள் இருக்கின்றன. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன்

1. புதுப் பெட்டிக்குக் காசு எடுத்து வைக்கும் முன், வீட்டில் இருக்கும் கீபோர்டிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஏ இடது, எஸ் கீழ், டி வலது, குதிக்க ஸ்பேஸ் பார் என்று வைத்துக்கொண்டால் லீவர்லெஸ் பெட்டியின் இடது கை அமைப்பு கிட்டத்தட்ட அப்படியே கிடைத்துவிடும். கொஞ்ச நாள் ஆடியும் மனசுக்குப் பிடிக்கவில்லையா, அந்தச் செலவே மிச்சம்!

2. கீபோர்டில் மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது ஒன்று பதிவாகாமல் போனால் விரலைக் குறை சொல்லாதீர்கள். சாதாரண கீபோர்டுகள் பலவற்றுக்கு இந்தக் கோளாறு உண்டு. நோட்பேடைத் திறந்து, ஆட்டத்தில் சேர்ந்து வரும் எழுத்துகளை ஒன்றாக அழுத்திப் பாருங்கள். எந்த எழுத்து விடுபடுகிறதோ அதை மட்டும் வேறு விசைக்கு மாற்றினால் போதும்.

3. கம்ப்யூட்டரில் மட்டும் ஆடுபவர்களுக்கு விலை குறைந்த பெட்டியே தாராளம். பிளேஸ்டேஷனில் சோனியின் சரிபார்ப்பு உண்டு. அதில் தேறாத பெட்டி பிஎஸ் 4-ல் சுமார் 8 நிமிடத்தில் இணைப்பை இழந்துவிடும். பிஎஸ் 5 வைத்திருப்பவர்கள், 2023-ல் வந்த ரேஸர் கிட்சுனே போல உரிமம் பெற்ற பெட்டியா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

4. பெட்டியின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு அட்டையில் 24 மி.மீ. வட்டங்களும், கட்டைவிரலுக்கு ஒரு 30 மி.மீ. வட்டமும் பெட்டியில் உள்ள அதே இடைவெளியில் வரைந்து கையை வைத்துப் பாருங்கள். விரல் எட்டுகிறதா, மணிக்கட்டு மடங்குகிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

5. மடியில் வைத்து ஆடுபவர்களுக்குக் கனமான பெரிய பெட்டிதான் நகராமல் நிற்கும். மேசையில் வைத்து ஆடுபவர்கள் மெலிதான பெட்டியை எடுக்கலாம். கை உயரம் குறையும், பையிலும் அடங்கும். எங்கே உட்கார்ந்து ஆடுவீர்கள் என்று முடிவு செய்தாலே பாதித் தேர்வு முடிந்தது.

6. ஸ்விட்சைக் கழற்றி மாட்டும் வசதி உள்ள பெட்டியாகப் பாருங்கள். ஒரு பட்டன் மக்கர் செய்தால் அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் மாற்றிவிடலாம். சால்டரிங் செய்த பெட்டி என்றால் சின்னக் கோளாறுக்கும் ரிப்பேர் கடைக்கு நடக்க வேண்டும்.

7. பழைய ஸ்டிக்கை உடனே விற்றுவிடாதீர்கள். அதில் சான்வா நிறுவனத்தின் 30 மி.மீ., 24 மி.மீ. அழுத்திக் கழற்றும் பட்டன்கள் இருந்தால், அதே அளவு துளை உள்ள புதுப் பெட்டியில் அப்படியே உட்காரும். மிச்சப் பட்டன்கள் உதிரி பாகமாகவும் கைகொடுக்கும்.

வீட்டிலேயே செய்ய

8. கைவேலையில் ஆசை உள்ளவர்களுக்கு ராஸ்பெரி பை பிக்கோ போர்டு ஒரு வரம். 2021-ல் 4 டாலர் விலையில் வந்த இந்தச் சின்ன போர்டை, ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருள் முழு கண்ட்ரோலராக மாற்றிவிடும். போர்டில் உள்ள பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் மாதிரி திறக்கும். ஃபைலைப் போட்டால் வேலை முடிந்தது.

9. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு வயர் இழுத்துச் சிக்கலாக்கிக்கொள்ள வேண்டாம். ஒரு காலை அதற்குரிய பின்னுக்கும், மறு கால்களை எல்லாம் ஒரே வயரில் கோர்த்து கிரவுண்டுக்கும் கொடுங்கள். ரெசிஸ்டர் தேவையில்லை, சான்வா பட்டனுக்கு 2.8 மி.மீ. கிளிப் மாட்டினால் பட்டன் பக்கம் சால்டரிங்கும் மிச்சம்.

10. மரப்பலகையிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ துளை போடும் முன், அதே அளவில் அட்டையை வெட்டிப் பட்டனை மாட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் துளையிடும்போது இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, டிரில்லை மெதுவாக ஓட்டினால் விரிசல் விடாது. துளை ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பட்டன் சிக்காமல் இறங்கும்.

11. ஜிபி2040-சிஇ போட்ட பெட்டியில் செட்டிங் மாற்ற, ஸ்டார்ட் பட்டனை அழுத்தியபடி கம்ப்யூட்டரில் செருகி, பிரவுசரில் 192.168.7.1 என்று அடியுங்கள். எல்லாம் சரியாக அமைந்ததும் அதிலேயே இருக்கும் பேக்கப் வசதியில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பின்னால் ஏதாவது குழம்பினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

முதலில் சரிபார்க்க வேண்டிய செட்டிங்

12. லீவரில் இடதும் வலதும் ஒரே நேரத்தில் போக முடியாது, பட்டனில் முடியும். இரண்டும் சேர்ந்தால் 'நடுநிலை' என்று, எதிரெதிர் திசைகளைக் கையாளும் எஸ்ஓசிடி செட்டிங்கில் வைத்துவிடுங்கள். 2019-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீரர் டைகோ உமேஹாரா கொண்டுவந்த பெட்டி கேப்காம் போட்டிகளில் சர்ச்சையானது இந்த எதிரெதிர் திசை விவகாரத்தில்தான்.

13. மேலும் கீழும் சேர்ந்தால் 'மேல்' ஜெயிக்கும்படி சில பெட்டிகள் வரும். சுலபமாகத்தான் இருக்கும், ஆனால் போட்டிக்குப் போக எண்ணமிருந்தால் இதையும் நடுநிலைக்கு மாற்றியே பழகுங்கள். ஒரு பழக்கத்தைக் கற்று, மறந்து, மறுபடி கற்கும் இரட்டை வேலை மிச்சம்.

முதல் வாரங்களில்

14. மோதிர விரல் இடதுக்கு, நடுவிரல் கீழுக்கு, ஆட்காட்டி விரல் வலதுக்கு, கட்டைவிரல் குதிக்க. இந்த நாலு விரலும் தன் பட்டனை விட்டு எழும்பாமல் மேலேயே இருக்கட்டும். விரலைத் தூக்கித் தூக்கி வைத்தால் நேரமும் போகும், பட்டனும் தவறும்.

15. முதல் நாளே சண்டைக்குப் போகாதீர்கள். டிரெயினிங் மோடில் நடப்பது, குனிவது, முன்னால் பின்னால் குதிப்பது என்று வெறும் இடது கை வேலையை மட்டும் செய்யுங்கள். கையை மேலே தள்ளிக் குதித்துப் பழகியவர்களுக்குக் கட்டைவிரல் குதிப்புதான் கடைசியில் வசப்படும். அதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

16. டிரெயினிங் மோடில் அழுத்தும் திசைகளைத் திரையில் காட்டும் வசதியை எப்போதும் போட்டு வையுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் ஒவ்வொரு திசையும் எத்தனை ஃபிரேம் இருந்தது என்பதும் தெரியும். ஒரு ஃபிரேம் என்பது விநாடியில் 60-ல் ஒரு பங்கு. 'ஏன் வரவில்லை?' என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாமல், எந்த விரல் முந்தியது என்று பார்த்தே திருத்தலாம்.

17. பழகும் காலத்தில் ஒரே ஒரு கேரக்டரை வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரும் புதுசு, கேரக்டரும் புதுசு என்றால் தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவே பாதி நேரம் போய்விடும். ரேங்க் மேட்ச்சைத் தள்ளிவைத்து சாதா மேட்ச்சில் ஆடினால் மனசும் லேசாக இருக்கும்.

18. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட தினமும் 15 நிமிடம் உட்காருவது மேல். விரலுக்குத் தூக்கமும் ஒரு வாத்தியார்தான். நேற்று வராத நகர்வு இன்று காலை தானாக வரும். நடுநடுவே பழைய ஸ்டிக்குக்குத் தாவாமல் இருந்தால் பழக்கம் இன்னும் சீக்கிரம் படியும்.

19. பட்டனைக் குத்தாதீர்கள், தொட்டாலே போதும். மெலிதான பெட்டிகளின் ஸ்விட்ச் ஒன்றிரண்டு மி.மீ. இறங்கினாலே பதிவாகிவிடும். லேசாக அழுத்திப் பழகினால் விரல் வலி குறையும், ஸ்விட்சும் நாள்பட உழைக்கும், ராத்திரி ஆட்டத்தில் வீட்டாரின் தூக்கமும் கெடாது.

நகர்வுகளுக்கு நச்சென்று சில யுக்திகள்
(எல்லாமே எதிராளி உங்களுக்கு வலப்பக்கம் இருக்கும்போது)

20. ஃபயர்பாலுக்கு மூன்று தனித்தனி அழுத்தல் தேவையில்லை. கீழை அழுத்திப் பிடித்து, வலதைச் சேர்த்து, கீழை மட்டும் விட்டால் குறுக்குத் திசை தானாக நடுவில் விழும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை விடும் முன்பே அடுத்ததைத் தொடுவது போல, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வர வேண்டும்.

21. ஷோர்யுக்கென் வராமல் தவிப்பவர்களுக்கு நடுநிலை செட்டிங் ஒரு வசதி தருகிறது. வலதைப் பிடித்தபடியே கீழையும் இடதையும் சேர்த்து அழுத்துங்கள். இடதும் வலதும் அடித்துக்கொண்டு வெறும் கீழ் மட்டும் நிற்கும். இடதை விட்டுக் குத்தை அழுத்தினால் நகர்வு முழுசாக வந்துவிடும்.

22. முன்னால் டேஷ் போக ஒரே விரலால் இரண்டு முறை தட்டித் தட்டி அலுத்துவிட்டதா? வலதைப் பிடித்துக்கொண்டே இடதை ஒரு தட்டுத் தட்டுங்கள். வலது, நடுநிலை, வலது என்று பதிவாகி டேஷ் கிடைக்கும். வேலை இரண்டு விரலுக்குப் பங்காகிவிடும்.

23. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கைல் ஆடுபவர்கள் சோனிக் பூம் விடும்போது இடதை முழுசாக விட்ட பிறகே வலது பதிய வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் அந்தக் கணம் நடுநிலையாகி, குத்து மட்டும் வெளியே வரும். 'விடு, தொடு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பழகினால் தாளம் பிடிபடும்.

24. ஃப்ளாஷ் கிக்குக்கும் இதே சட்டம்தான். கீழும் இடதும் பிடித்திருக்கும்போது, கட்டைவிரல் இறங்கும் அதே நேரத்தில் நடுவிரல் எழும்ப வேண்டும். நடுவிரல் தங்கிவிட்டால் மேலும் கீழும் கழிந்து, ஆள் தரையிலேயே நிற்பார்.

25. ஸாங்கீஃபின் முழுச்சுற்றுப் பிடி லீவரில் கையைச் சுழற்றி எடுப்பது. இங்கே நாலு விரல் வரிசையாக உருண்டால் போதும். இடது, கீழ், வலது என்று ஓடி, கட்டைவிரல் படும்போதே குத்தையும் அழுத்துங்கள். முதலில் நிதானமாக வரிசையைச் சரிசெய்துகொண்டு, பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.

26. டெக்கனில் கொரியன் பேக்டேஷுக்குப் பட்டன் பெட்டி கையை நோகடிக்காத வழி. இடதை இரண்டு தட்டுத் தட்டி இரண்டாவதைப் பிடியுங்கள். நடுவிரலால் கீழை ஒருமுறை தட்டி எடுத்து, இடதை விட்டு மறுபடி பிடியுங்கள். அதன்பிறகு இடது, கீழ், இடது, கீழ் என்று இரண்டு விரல் தாளம்தான்.

27. டெக்கன் கசுயாவின் எலெக்ட்ரிக் குத்தில் குறுக்குத் திசையும் குத்தும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். வலதைத் தட்டி விட்டு, கீழைப் பிடித்துக்கொண்டு, இடது கையின் ஆட்காட்டி விரலையும் வலது கையின் குத்து விரலையும் ஒரே கணத்தில் இறக்குங்கள். மேசையில் இரண்டு கை விரலையும் சேர்த்துத் தட்டி ஒரே சத்தம் வருகிறதா என்று பார்ப்பதும் நல்ல பயிற்சி.

கைக்கும் பெட்டிக்கும் பராமரிப்பு

28. முழங்கை உயரத்தில் பெட்டி இருந்தால் மணிக்கட்டு நேராக நிற்கும். மேசை உயரமாக இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை, பெட்டியின் முன்னால் மடித்த துண்டு ஒன்று போதும். வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கைதான் முதல் கண்ட்ரோலர்.

29. பெட்டி வழுக்கிக்கொண்டே போகிறதா? சமையலறை அலமாரிக்குப் போடும் வழுக்காத ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு வெட்டி அடியில் வையுங்கள். மேசைமேல் எழும் தடதட சத்தத்தையும் அது குறைத்துவிடும்.

30. ஸ்டார்ட், ஹோம் பட்டன்கள் எவை என்று தடுமாறினால் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து அடையாளம் செய்யுங்கள். லாக் ஸ்விட்ச் இருந்தால் மேட்ச்சுக்கு முன் போட்டுவிடுங்கள். போட்டியில் தெரியாமல் ஸ்டார்ட்டை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தினால் ஒரு ரவுண்டே கைவிட்டுப் போகலாம்.

31. துடைக்கத் தண்ணீர் வேண்டாம். பழைய டூத் பிரஷால் இடுக்குத் தூசியைத் தட்டிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காது குடையும் பஞ்சால் பட்டன் ஓரத்தைத் துடையுங்கள். எண்ணெய்க் கையோடு பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே ஆடாமல் இருந்தால் இந்த வேலையே அடிக்கடி வராது.

32. வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது லேப்டாப் உறையே மெலிதான பெட்டிக்கு நல்ல பை. கேபிளை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாகச் சுருட்டி, உதிரியாக இன்னொரு கேபிளும் இரண்டு ஸ்விட்சும் போட்டுக்கொள்ளுங்கள். போட்டி விதியில் எஸ்ஓசிடி பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதை முதல் நாளே படித்துவிட்டால் மேடையில் பதற்றம் இருக்காது.

விலை உயர்ந்த பெட்டி தானாக ஜெயித்துத் தராது. தினமும் பழகிய விரல்தான் ஜெயிக்கும். இன்று ராத்திரியே கீபோர்டில் ஏ, எஸ், டி, ஸ்பேஸ் பாரோடு ஆரம்பித்துப் பாருங்கள். பிடித்துப்போனால் நிதானமாக வாங்குங்கள், கற்ற யுக்தியைக் கூட ஆடும் நண்பர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்!