பெருங்குடல் புற்றுநோயும் மரபணுவின் பிரேக்கும்

ரயில்வேயில் 36 ஆண்டுகள் காலம் தள்ளிய டிப்ளமோ இன்ஜினீயர் மருத்துவம் எழுதலாமா என்று கேட்பீர்கள். என் அண்ணாவுக்கு 48-ஆவது வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. அன்றுமுதல் படித்தும், டாக்டர்களைக் கேட்டும் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

நம் செல்களில் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் உள்ளன. எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்வதில்லை. எதை ஓடவிடுவது, எதை நிறுத்துவது என்ற ஒழுங்கில்தான் உடம்பு நிற்கிறது. குடலின் உட்சுவர்ச் செல்கள் நாலைந்து நாளில் உதிர்ந்து புதியவை தோன்றுகின்றன. இவ்வளவு வேகமாகப் பெருகும் இடத்தில் பிரேக் வேண்டாமா? 1991-இல் கண்டறியப்பட்ட ஏ.பி.சி. என்ற மரபணுதான் அது. 'பெருகு' என்று தூண்டும் பீட்டா-காட்டெனின் புரதம் சேரவிடாமல் அது சிதைக்கச் செய்கிறது. ஏ.பி.சி. பழுதானால் அந்தப் புரதம் செல்லின் உட்கருவில் குவிந்து, வளர்ச்சி மரபணுக்களை ஓயாமல் முடுக்கிவிடும். பெரும்பாலான பெருங்குடல் கட்டிகளில் தொடக்கம் இதுதான்.

ரயிலில் பிரேக் குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்து வண்டி நின்றுவிடும். செல்லிலோ நேர்மாறு, பிரேக் கெட்டால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் துறையில் இப்படி ஒரு டிசைனை யாரும் பாஸ் பண்ணமாட்டார்கள்! ஆனால் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இரண்டு பிரதிகள் இருப்பதால், இரண்டும் கெட்டால்தான் பிரேக் அடியோடு போகும்.

என்னை அதிகம் வியக்கவைத்தது வேறொன்று. மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறாமலே அது ஊமையாகிவிடலாம். அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதித் துணுக்குகள் மிகுதியாக ஒட்டிக்கொண்டால் செல் அதைப் படிக்காது. டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்துவதில் எம்.எல்.எச்.1 என்ற மரபணுவுக்குப் பங்கு உண்டு. தண்டவாளம் பார்த்துவரும் கேங்மேன் மாதிரி. அதை மெத்தில் அடைத்துவிட்டால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். பெருங்குடல் புற்றுநோயில் சுமார் 15 சதவீதம் இப்படித் திருத்தும் வேலை நின்றுபோனவை. அவற்றிலும் பெரும்பாலானவற்றுக்கு இந்த அடைப்பே காரணம்.

ஒரே பழுதில் புற்றுநோய் வந்துவிடாது. சிறு பாலிப் ஒன்று புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் கொலோனாஸ்கோப்பியில் கண்டால் அப்போதே அகற்றிவிடலாம். மலத்தில் ரத்தம் கண்டால் மூலவியாதி என்று நாமே தீர்மானித்துக் கருணைக்கிழங்கு லேகியம் சாப்பிடுவது நம் வீடுகளில் வழக்கம். அண்ணாவும் ஒன்றரை வருடம் அப்படித்தான் ஓட்டினார். நோய் தெரிந்தபின் இரண்டு வருடம்கூட இருக்கவில்லை.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்பு, இவற்றில் எது முந்தியோ அப்போது பரிசோதனை தொடங்கவேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதன்படி அண்ணா மகனுக்கு 38. சென்ற மாதம் பார்த்ததில் இரண்டு பாலிப்கள் இருந்தன; எடுத்தாயிற்று.