மெய்நிகர் கண்ணாடிப் பயிற்சி: எல்லோரும் கற்க என்ன செய்ய வேண்டும்?

ஆபத்தான வேலையை ஆபத்தில்லாமல் கற்றுக்கொள்ள ஒரு வழி வந்திருக்கிறது. கண்களை முழுவதும் மூடும் பெரிய கண்ணாடி ஒன்றைத் தலையில் மாட்டி, கைக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டால், எதிரே டிராக்டரும் வரப்பும் வாய்க்காலும் இருப்பது போலவே தெரியும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். கரையோரம் டிராக்டரைக் கவிழ்த்துவிட்டாலும் காயமில்லை, செலவில்லை, மறுபடியும் தொடங்கலாம். இதையே மெய்நிகர் பயிற்சி அல்லது வி.ஆர். பயிற்சி என்கிறார்கள்.

எண்ணம் பழையதுதான். 1929-இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டப் பழகும் பெட்டியைச் செய்தார். 1968-இல் ஐவன் சதர்லாண்ட் தலையில் மாட்டும் காட்சிக் கருவியை உருவாக்கினார். 2018-இல் வால்மார்ட் நிறுவனம் தன் அமெரிக்கக் கடை ஊழியர்களின் பயிற்சிக்காகச் சுமார் 17,000 கண்ணாடிகளை அனுப்புவதாக அறிவித்தது.

நமக்கும் இந்தப் பாடமுறை அந்நியமல்ல. 1974-இல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. செய்து கற்பதே அத்தகைய நிலையங்களின் அடிப்படை. மெய்நிகர் பயிற்சியும் அதைத்தான் செய்ய முயல்கிறது. வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகள் இந்தக் கண்ணாடியை மாட்ட நேரலாம். நாளை நமக்கும் அந்த வாய்ப்பு வரலாம். அப்போது, கண்ணாடி பொருந்தாத ஒரே காரணத்தால் யாரும் "இந்த வேலைக்கு லாயக்கில்லை" என்று திருப்பி அனுப்பப்படக் கூடாது.

நுகத்தடியும் கண்ணாடியும்

நுகத்தடி பொருந்தாமல் கழுத்துப் புண்ணானால் மாட்டைக் குறை சொல்வோமா? நுகத்தடியைத்தானே மாற்றுவோம்! இந்தக் கண்ணாடிக்கும் அதே நியாயம்தான்.

ஒருவரின் இரு கருமணிகளுக்கு இடையேயுள்ள தூரமும் இன்னொருவருடையதும் ஒன்றல்ல. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்றுக் குறைவு. ஆனால் பலர் வாங்கிய ஒரு வகைக் கண்ணாடியில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைகள் இருந்தன. கண்ணின் அளவும் கண்ணாடியின் அளவும் பொருந்தாததே பெண்களுக்குக் கூடுதலாகத் தலைசுற்றல் வருவதற்கு முக்கியக் காரணம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே கண்ணாடியை மாட்டியதும் அளவைச் சரி செய்துகொள்வது முதல் வேலை. மூக்குக் கண்ணாடி அணிவோருக்கு உள்ளே இடம் இருக்கிறதா, கொண்டை போட்டவர்களுக்குத் தலைப்பட்டை சரியாக உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தலைசுற்றல் ஏன் வருகிறது?

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் பேருந்தில் போனவர்களுக்கு இது புரியும். உடல் ஆடுவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. கண்ணோ பேருந்தின் உட்புறம் அசையாமல் இருப்பதைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. மெய்நிகர் கண்ணாடியில் இது தலைகீழ்: கண் ஓட்டத்தைப் பார்க்கிறது, உடலோ நாற்காலியில் அசையாமல் இருக்கிறது.

பேருந்து ஓட்டுநருக்கு ஏன் குமட்டுவதில்லை? வண்டி எப்போது திரும்பும் என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆகவே காட்சி தானாக ஓடாமல், பயில்பவர் நகர்த்தும்போது மட்டும் நகர்ந்தால் தொல்லை குறையும். முதல் நாள் சில நிமிடங்களே போதும்; பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். ஒரே பொத்தானை அழுத்தியதும் காட்சி நின்று அமைதியான இடத்துக்கு வந்துவிடும் வசதியும் வேண்டும்.

கையும் காலும்

கதிரடிக்கும் இயந்திரங்களால் ஏற்பட்ட விபத்துகள் காரணமாகவே 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அப்படி விரலையோ கையையோ இழந்தவர்கள் நம் கிராமங்களில் உண்டு. மெய்நிகர் பயிற்சியிலோ இரு கைகளிலும் கைப்பிடியைப் பிடித்து, ஆள்காட்டி விரலால் விசையை அழுத்தச் சொல்கிறார்கள். இயந்திரப் பாதுகாப்பை யாரைவிடவும் நன்கு அறிந்தவர், அந்த விசையை அழுத்த முடியாததால் தேர்வில் தோற்பது என்ன நியாயம்?

ஒரு கையால் இயக்கும் முறை, பொத்தான்களை மாற்றி அமைக்கும் முறை, வாய்ச்சொல்லால் கட்டளையிடும் முறை ஆகியவை பாடத்தில் இருக்க வேண்டும். இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்டவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் உட்கார்ந்தே பயில வழி வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு மேல் தட்டிலுள்ள பொருள் எட்டாது. காட்சியின் உயரத்தை மாற்றினால் எட்டும்.

கண்ணும் காதும்

காது கேளாதவருக்குச் சொல்வதெல்லாம் எழுத்தாகவும் தெரிய வேண்டும். அந்த எழுத்து அவர் திரும்பும் பக்கமெல்லாம் கூடவே வர வேண்டும். ஒரு காது மட்டும் கேட்பவருக்கு இரு பக்க ஒலியும் ஒன்றாகக் கேட்க வேண்டும். பின்னால் இயந்திரம் வருகிறது என்பதை அம்புக்குறியாலும் காட்ட வேண்டும். பார்வை மங்கியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை அழுத்தமாக்கவும் வசதி தேவை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காக, நிறத்தோடு அடையாளக் குறியும் இருக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கண்ணாடியை மாட்டக் கூடாது. ஒரு வினாடியில் மூன்று முறைக்கு மேல் ஒளி மின்னும் காட்சியைப் பாடத்திலிருந்தே நீக்குவது நல்லது.

படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? திரையில் ஆங்கிலம் மட்டும் ஓடினால், கண்ணும் கையும் நன்றாக உள்ளவரும் தவித்துப் போவார். நம் பேச்சுத் தமிழில் குரல் வழிகாட்டுதல் இருந்தால் பெரும் பகுதிச் சிக்கல் தீரும்.

இவை வெறும் ஆசைகள் அல்ல. இணையத் தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, இத்தகைய தேவைகளைத் தொகுத்து 2021-இல் வெளியிட்டிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் இருபத்தொன்றாயின. தொழிற்பயிற்சி, திறன் பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும் என்று இதன் 19-ஆம் பிரிவு கூறுகிறது. அவரவர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டையும் சட்டம் வலியுறுத்துகிறது. எனவே "கண்ணாடி ஒத்துவரவில்லை, வேறு வழியில் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

வேறு வழி என்பது இரண்டாந்தரப் பாடமாக இருக்கக் கூடாது. அதே பாடத்தைச் சாதாரணத் திரையிலோ, நிறுத்தி வைத்த இயந்திரத்திலோ, பயிற்றுநர் உடனிருந்து கற்பிக்கலாம். தேர்வும் சான்றிதழும் ஒன்றாகவே இருக்க வேண்டும். சோதிக்க வேண்டியது வேலைத் திறனை. கண்ணாடி மாட்டும் திறனை அல்ல.

பயிற்சிக்குச் செல்வோர் கவனத்துக்கு

1. வலிப்பு, தலைசுற்றல், கண், காது, கைகால் தொல்லை இருந்தால் முன்கூட்டியே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள்.

2. காட்சி மங்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடியின் அளவை மாற்றச் சொல்லுங்கள்.

3. உட்கார்ந்து பயிலலாமா, தமிழில் குரல் வருமா, நிறுத்தும் பொத்தான் எது என்று தொடங்கும் முன்பே கேளுங்கள்.

4. ஒருவர் மாட்டியதை அடுத்தவர் மாட்டுமுன் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். "மெட்ராஸ் ஐ" கண்டவர்கள் குணமாகும் வரை மாட்டக் கூடாது.

5. குமட்டத் தொடங்கியதும் நிறுத்துங்கள். தலை முழுவதும் தெளியும் வரை மோட்டார் சைக்கிளோ டிராக்டரோ ஓட்டக் கூடாது.

6. கண்ணாடி ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே பாடத்தை வேறு வழியில் கேளுங்கள். பயிற்சியை விட்டு வந்துவிடாதீர்கள்.

பயிற்சி நடத்துவோரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பாடம் முழுவதும் தயாரான பிறகு திருத்துவது கடினம், செலவும் அதிகம். தயாரிக்கும்போதே முதியவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆகியோரில் சிலரை அழைத்து மாட்டிப் பார்க்கச் சொன்னால், எங்கே இடிக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும். மேட்டு மடைக்கும் தண்ணீர் ஏற வேண்டுமானால், வாய்க்கால் வெட்டும்போதே மட்டம் பார்க்க வேண்டும் என்பது விவசாயிகளுக்குத் தெரியாததல்ல.