இடம் பார்க்கும் சிப்பிக் குஞ்சு



சிவராத்திரிக்கு மூங்கிலணை காமாட்சியம்மன் கோவிலுக்கு வந்த எங்க அத்தை, தூத்துக்குடியில் இருந்து ஒரு சிப்பி கொண்டு வந்தார்கள். அதன் முதுகில் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கூம்புகள் ஒட்டியிருந்தன. காம்பஸ் முனையால் நெம்பினேன். முனைதான் வளைந்தது. "அது கொட்டலசு. படகுக்கு அடியிலயும் ஒட்டும், சுரண்டித்தான் எடுக்கணும்" என்றார்கள் அத்தை.

'கடலில் மிதந்து வந்து, விழுந்த இடத்தில் ஒட்டி வளரும்' என்று அறிவியல் நோட்டில் எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள். அது சும்மா விழுவதில்லையாம், இடம் தேடுகிறதாம்!

கொட்டலசு இறால், நண்டுக்குச் சொந்தம். அதன் லார்வா கடைசிப் பருவத்தில் எதுவும் சாப்பிடாது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு தீர்வதற்குள் இடம் கிடைக்க வேண்டும். இரண்டு உணர்கொம்புகளையே கால் மாதிரி வைத்துக் கல்லின் மேல் நடந்து பார்க்கும். தன் இனத்துப் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்களா என்று அவர்கள் உடம்பில் உள்ள புரதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும். பிடித்தால் பசை விட்டு ஒட்டும். அப்புறம் சாகும்வரை எழுந்திருக்க முடியாது. தலைகீழாக நின்று, காலால் இரையைப் பிடித்துச் சாப்பிடும். (எனக்குச் சிரிப்பு வந்தது.)

முத்துச் சிப்பியும் இடம் பார்க்கும். அதன் முட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். குஞ்சு முதலில் மயிரிழைகளால் நீந்தும். பிறகு கண்புள்ளி வரும், அதில் வெளிச்சம் தெரியும். அப்புறம் ஒரு பாதம் முளைக்கும். பாதத்தால் தடவி, பிடிக்கவில்லை என்றால் மறுபடி நீந்திப் போய்விடும். வாடகை வீடு பார்க்கப் போனால் எங்கம்மா முதலில் "தண்ணி வருதா?" என்றுதான் கேட்பாங்க. அது மாதிரி! தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கை வைத்தால் வழுக்குமே, அப்படி பாக்டீரியா படிந்த இடம் என்றால் பல கடல் லார்வாக்களுக்கும் இஷ்டம். இடம் பிடித்துவிட்டால் நார் விட்டு ஒட்டி, நீந்தும் உறுப்பை இழந்து சிப்பியாக மாறும். இதுதான் உருமாற்றம்.

மஞ்சளாற்றுத் தலைப்பிரட்டை தவளையாவதற்குக் கல் தேடி அலைய வேண்டியதில்லை. கடல் லார்வா பலவற்றுக்கு இடம் சரியில்லை என்றால் உருமாற்றமே தள்ளிப்போகும். ரொம்பத் தள்ளிப்போனால் செத்துவிடும்.

தூத்துக்குடிக் கடலுக்கடியில் சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டுகளுக்கு 'பார்' என்று பெயர். அங்கே 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சிப்பி இல்லாமல் எதை எடுப்பது? 1981-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் முத்துச் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்தார்கள். மூன்று நான்கு வாரம் பாசி கொடுத்துக் காப்பாற்றி, ஒட்டவும் வைத்தார்கள். பிறகு குஞ்சுகளைப் பாரில் கொண்டுபோய் விட்டும் பார்த்தார்கள். ஆனாலும் பழைய மாதிரி முத்துக்குளிப்பு திரும்பி வரவில்லை.

அத்தை தந்த சிப்பியை நம் வகுப்பு ஜன்னலில் வைத்திருக்கிறேன். எல்லோரும் வந்து பாருங்கள். கொட்டலசைப் பிய்க்க மட்டும் பார்க்காதீர்கள், காம்பஸ் போய்விடும்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேவதானப்பட்டி